பொதுவிடமும் மூளையும்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

மன்றம் என்னும் சொல்லுக்கு மக்கள் கூடிய அவை என்பது ஒரு பொருள். அவர்கள் கூடும் ஊர்ப் பொதுவிடம் என்பது மற்றொரு பொருள். நம் மன்றத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று அன்பர்கள் பணித்தபோது இச்சொல்லே முதலில் என் நினைவுக்கு வந்தது. கிரேக்க மொழியின் ‘அகோரா’ என்னும் சொல்லும் இத்தகையதே. கூட்டத்தையும், கூட்டம் கூடும் இடத்தையும், நாளடைவில் அங்கு அமைந்த சந்தையையும் அது குறித்தது. ஏதென்சு நகரத்தார் வாதிட்டதும் வாணிகம் செய்ததும் அகோராவில்தான்.

1871ஆம் ஆண்டில் பெர்லின் மருத்துவர் ஒருவர் இச்சொல்லை எடுத்து ஒரு நோய்க்குப் பெயராக்கினார். அகோராபோபியா என்பது அப்பெயர். அதனைத் திடலச்சம் எனத் தமிழில் வழங்கலாம். மக்கள் கூடி மகிழ்வதற்கு அமைந்த இடத்தின் பெயர் மக்கள் அஞ்சும் நோயின் பெயராயிற்று. இம்மாற்றத்திலிருந்து தொடங்கி, நகரப் பொதுவிடங்களை அமைப்பதற்கு மூளையியல் துணைபுரியத் தொடங்கிய காலம் வரையிலான ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைச் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். ஓரிடத்தில் நிற்கும் மனிதர் அஞ்சினால் குறை அவரிடத்ததா, அந்த இடத்ததா என்னும் வினா இவ்வரலாறு முழுவதும் ஊடாடி நிற்கிறது.

தமிழ் கற்பிப்பவளுக்கு மூளையியலில் என்ன வேலை எனச் சிலர் கேட்கக்கூடும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்த இலக்கணத்தை ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்குபவள் நான். இடத்துக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவு குறித்து எங்கு ஆராய்ச்சி நடப்பினும் அதன்பால் ஆர்வம் எழுவது இயல்பே.

பெர்லினில் ஒரு புதிய நோய்

கார்ல் வெஸ்ட்ஃபால் பெர்லினில் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையின் மனநோய் மருத்துவர். 1871இல் அவர் எழுதிய கட்டுரை மூன்று ஆடவரின் துன்பத்தை விவரித்தது. திறந்த திடலைக் கடக்கும்போதும் ஆளரவமற்ற தெருவில் நடக்கும்போதும் அவர்களுக்கு நெஞ்சு படபடத்தது, உடல் நடுங்கியது. எதற்காக அஞ்சுகிறோம் என்பது அவர்களுக்கே விளங்கவில்லை. துணைக்கு ஒருவர் வந்தால் அச்சம் தணிந்தது. வண்டியொன்றை ஒட்டி நடந்தாலோ கையில் ஒரு தடி இருந்தாலோகூடத் தணிந்தது. இதற்கு ஓராண்டு முன்னர், 1870இல், வியன்னா மருத்துவர் மோரிட்ஸ் பெனடிக்ட் இதனையொத்த நிலையைத் திடலில் தோன்றும் தலைச்சுற்றல் எனக் குறித்திருந்தார்.

இரு மருத்துவரும் இருந்த நகரங்களை நோக்குதல் வேண்டும். வியன்னாவின் பழைய கோட்டைமதிலை இடிக்க மன்னர் ஃபிரான்ஸ் யோசஃப் 1857இல் ஆணையிட்டார். மதில் இருந்த இடத்தில் ரிங்ஸ்டிராஸ என்னும் அகன்ற வட்டப் பெருஞ்சாலை உருவாகி 1865இல் திறக்கப்பட்டது. பெர்லின் 1871இல் புதிய செர்மன் பேரரசின் தலைநகரமாகி விரைந்து பெருகியது. நகரங்கள் மதிலை உடைத்து அகன்ற தலைமுறையில்தான் இந்நோய்க்குப் பெயர் பிறந்தது. ஆயினும் மருத்துவம் நோயை நோயாளியிடத்தே வைத்துப் பார்த்தது. திடலை அது ஆராயவில்லை. அது மருத்துவரின் பணியும் அன்று.

இவ்விடத்தில் என் வாழ்வில் கண்ட ஒன்றைக் கூற விரும்புகிறேன். என் அன்னையார் நகரத்துப் பேருந்து நிலையத்தின் நடுவெளியைக் குறுக்கே கடக்கமாட்டார். எவ்வளவு அவசரமாயினும் கடைகளின் ஓரமாகவே சுற்றி வருவார். கல்லூரி மாணவியாக இருந்த நான் நடுவெளியைக் கடந்து மறுபுறம் நின்று, அவர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டிருப்பேன். சிற்றூர்க்காரரின் கூச்சம் என்றே அதனைக் கருதினேன். நான் செய்ததும் அம்மருத்துவர்கள் செய்ததேயாகும்.

வியன்னாவின் மாற்றுரை

குறை திடலினது என முதலில் வலியுறுத்திக் கூறியவர் மருத்துவர் அல்லர்; கட்டடக் கலைஞர். வியன்னாவைச் சேர்ந்த காமில்லோ சிட்டே 1889இல் நகர் அமைப்பைக் கலைநெறிப்படி ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். இத்தாலியிலும் பிற நாடுகளிலும் உள்ள பழைய சதுக்கங்களை நடந்து பார்த்தும் வரைந்தும் அவர் எழுதிய நூல் அது. புதிதாகக் கண்டறியப்பட்ட திடலச்சத்தை அவர் அதில் எடுத்துப் பேசுகிறார். பெரிய வெற்றுத் திடலில் நடக்கையில் நலமுள்ளோரும் மனம் அமைதியிழப்பர் என்பது அவர் கருத்து. பீடத்தின்மேல் நிற்கும் கற்சிலைகளையும் இந்நோய் பற்றிக்கொண்டதாக நகையாடுகிறார்.

பழைய சதுக்கங்கள் மூன்று பக்கமோ நான்கு பக்கமோ சுவரால் அணைக்கப்பட்டவை. அவற்றின் நடுப்பகுதி வெறுமையாக விடப்பட்டிருக்கும். சிலைகளும் நீரூற்றுகளும் ஓரங்களில் நிற்கும். இதற்கு அவர் காட்டும் சான்று சுவையானது. சிற்றூர்ச் சிறுவர் பனிமனிதன் செய்யும்போது வண்டித்தடத்தில் செய்வதில்லை. எவரும் மிதிக்காத இடத்தைத் தாமே தேர்ந்துகொள்கின்றனர். பழைய ஊர்களில் சிலைகளும் நீரூற்றுகளும் இவ்வாறே தம் இடத்தை அடைந்தன என்கிறார் சிட்டே. ரிங்ஸ்டிராஸவின் வோட்டிவ் தேவாலயத்துக்கு முன்னுள்ள அகன்ற வெற்றிடத்தைக் கட்டடங்களால் சூழ்ந்து சிறு முற்றங்களாக்க வேண்டும் என்றும் அவர் திட்டம் வரைந்தார். அது நிறைவேறவில்லை.

சிட்டேயிடம் கருவி எதுவும் இல்லை. தம் கண்ணையும் காலையும் நம்பியே அவர் எழுதினார். எனவே அவர் கூற்றைச் சுவை சார்ந்த கருத்து என ஒதுக்குதல் எளிதாயிற்று.

நேர்கோட்டின் காலம்

1903இல் செர்மன் அறிஞர் ஜார்ஜ் சிம்மல் பெருநகரமும் உளவாழ்வும் குறித்து ஆற்றிய உரை புகழ்பெற்றது. நகரத்தில் புலன்களைத் தாக்கும் தூண்டல்கள் ஓயாது மாறுவதால் நகரவாசி தன் உணர்ச்சியைக் காத்துக்கொள்ள அறிவைக் கேடயமாக்குகிறான் என்றும், எதிலும் வியப்பற்ற மனநிலையை அடைகிறான் என்றும் அவர் விளக்கினார். நகரத்துக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பு சமூகவியலுக்குள் புகுந்த காலம் இது.

ஆனால் நகரங்களை அமைத்தோர் வேறு வழியில் சென்றனர். லெ கொர்புசியே 1925இல் வெளியிட்ட நூலில் வளைந்த தெருவைக் கழுதை நடந்த வழி என எள்ளினார். சிட்டேயின் நெறி அவருக்குப் பிற்போக்காகத் தோன்றியது. நேர்கோடும் அகன்ற வெளியும் புதுமையின் அடையாளங்களாயின. நியூயார்க் நகரம் 1961இல் ஒரு விதி செய்தது. கட்டடத்தின் முன்னர்ப் பொதுத்திடல் விடுவோர் அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்புக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவ்விதி. திடல்கள் பல தோன்றின. ஆனால் அவற்றுள் பல ஆளின்றிக் கிடந்தன.

அதே 1961இல்தான் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நகர் அமைப்பில் அவர் பட்டம் பெற்றவர் அல்லர். தாம் குடியிருந்த தெருவைச் சாளரத்தினின்று நோக்கியே தெருவைக் காப்பவை அத்தெருவிலுள்ளோரின் கண்களே என்று நிறுவினார். அவரைத் தொடர்ந்து வில்லியம் வைட் திரைப்படக் கருவி கொண்டு நியூயார்க் திடல்களில் மக்கள் எங்கே அமர்கின்றனர், எங்கே நிற்கின்றனர் எனப் பல நாள் பதிவு செய்தார். அமர இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் அமர்கின்றனர் என்பது அவர் முடிவுகளுள் தலையாயது. எளிய உண்மையே. ஆயினும் அதனைப் படம்பிடித்துக் காட்டிய பின்னரே, 1975இல், நியூயார்க் தன் விதியைத் திருத்தித் திடல்களில் இருக்கைகள் வேண்டும் என்றாக்கியது.

உள்ளத்து வரைபடம்

இதற்கிடையில் ஆய்வுக்கூடங்களில் மற்றொரு வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவில் எட்வர்ட் டால்மன் புதிர்வழிகளில் எலிகளை ஓடவிட்டு ஆராய்ந்தார். வலம், இடம் என்னும் திருப்பங்களை மட்டும் எலி மனனம் செய்வதில்லை. இடத்தைப் பற்றிய வரைபடம் ஒன்றை உள்ளத்துள் உருவாக்கிக்கொள்கிறது என 1948இல் எழுதினார். 1960இல் கெவின் லிஞ்ச் பாஸ்டன், ஜெர்சி நகரம், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று ஊர்களின் மக்களிடம் தம் நகரத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவ்வரைவுகளைக் கொண்டு பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச் சின்னம் என ஐந்து உறுப்புகளால் மக்கள் நகரத்தை அறிகின்றனர் என வகுத்தார்.

வெஸ்ட்ஃபாலின் கட்டுரைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1971இல், இலண்டனில் ஜான் ஓ கீஃப் தம் மாணவர் ஜொனாதன் தோஸ்த்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து எலியின் மூளையில் ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். மூளையின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி கடற்குதிரையின் வடிவினது. அங்குள்ள சில நரம்பணுக்கள் எலி குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்கும்போது மட்டுமே துடித்தன. எலி நகர்ந்தால் வேறு அணு துடித்தது. இவற்றை இடமறி அணுக்கள் எனலாம். டால்மனின் வரைபடம் உவமை நிலையிலிருந்து உடலுறுப்பு நிலைக்கு வந்தது. 2005இல் நார்வே நாட்டில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அடங்கிய குழுவினர் இடத்தை ஒழுங்கான கட்டங்களாக அளக்கும் மற்றொரு வகை அணுக்களைக் கண்டனர். இம்மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது இவற்றுக்கு இடைப்பட்ட ஒரு செய்தி. எலி நடமாடும் பெட்டியின் சுவர்களை நகர்த்தி ஓ கீஃபும் நீல் பர்ஜெஸும் 1996இல் ஆராய்ந்தபோது, இடமறி அணுக்களின் துடிப்பும் அச்சுவர்களுக்கேற்ப மாறியது. விளிம்பை அறிவதற்கென்றே அமைந்த அணுக்கள் 2008இல் அறிவிக்கப்பட்டன. சுவர் எங்குள்ளது என்பதைக் கொண்டே மூளை தான் இருக்கும் இடத்தை அறிகிறது. எலியின் பெட்டி வியன்னாவின் சதுக்கம் ஆகாது. ஆயினும் சுவர் அணைத்த இடத்தில் மனம் அமைதியுறும் என்ற சிட்டேயின் கூற்றை வெறும் சுவை என்று ஒதுக்குவது இதன்பின் கடினமாயிற்று.

நகரம் எழுதும் ஏடு

இலண்டனில் வாடகைக் கார் ஓட்ட விரும்புவோர் நகர நடுவிலுள்ள சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் ஏறத்தாழ 25,000 தெருக்களை நெஞ்சில் பதித்துத் தேர்வு எழுதுவர். எலினார் மக்வயர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இவ்வோட்டுநர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பிறரினும் பெரிதாக இருந்தது. இயல்பாகவே அப்பகுதி பெரிதாக உள்ளவர்தாம் ஓட்டுநராகின்றனரோ என்னும் ஐயம் எழுந்தது. 2011இல் அவரும் கேத்தரின் ஊலெட்டும் பயிற்சி பெறுவோரைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்ந்து அளந்தனர். தேர்வில் வென்றோரிடம் மட்டுமே அப்பகுதி வளர்ந்திருந்தது. நகரம் மூளையில் எழுதுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

கட்டடக் கலைஞரும் மூளையியலாரும் ஓர் அமைப்பாகக் கூடியது 2003இல். கட்டடக்கலைக்கான நரம்பியல் கழகம் அவ்வாண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் தோன்றியது. அந்நகரத்துக்கு இதில் பொருத்தம் உண்டு. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க், இத்தாலியின் அசிசி நகரத்து மடத்தில் தங்கியபோதுதான் தம் சிந்தனை தெளிந்தது என்று கருதியவர். அந்நினைவோடு அவர் லூயி கானைக் கொண்டு அங்கே எழுப்பிய ஆய்வு நிலையம் 1965இல் நிறைவுற்றது. அதன் நடுமுற்றம் மரமற்ற வெறுங்கல் தளம். ஆயினும் அங்கு நிற்போர் பெரும்பாலும் அச்சம் கூறுவதில்லை, அமைதியையே கூறுவர். இருபுறமும் கட்டடங்கள் காவலாக நிற்க, நடுவே மெல்லிய நீர்க்கோடு ஒன்று கடலை நோக்கி ஓடுகிறது. வெறுமை மட்டுமே அச்சத்துக்குக் காரணம் அன்று என்பதும், அணைப்பும் நோக்கும் சேர்ந்தே ஓரிடத்தை ஆக்குகின்றன என்பதும் இதனால் பெறப்படும்.

நேர்கோட்டைப் பற்றியும் பின்னர்ச் சான்று வந்தது. 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கைப்பேசியில் ஆடிய வழிகாணும் விளையாட்டொன்றின் முடிவுகள் 2022இல் வெளியாயின. நகரத்துக்கு வெளியே வளர்ந்தோர் பொதுவாக வழி காண்பதில் சிறந்திருந்தனர். சிகாகோ போன்று கட்டம் கட்டமாக அமைந்த நகரங்களில் வளர்ந்தோர் ஒழுங்கற்ற வழிகளில் தடுமாறினர்; ஒழுங்கான வழிகளில் தேர்ந்திருந்தனர். இளமையில் நடந்த தெரு முதுமைவரை உடன்வருகிறது போலும்.

மீண்டும் பெர்லின்

1939இல் ஃபாரிஸ், டன்ஹாம் என்னும் இருவர் சிகாகோவில் மனச்சிதைவு நோய் நகரின் நடுப்பகுதியில் மிகுந்தும் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படுவதை வெளியிட்டனர். நகரம் நோயைத் தருகிறதா, நோயுற்றோர் நகர நடுவே வந்து சேர்கின்றனரா என்னும் வழக்கு நெடுங்காலம் தீராதிருந்தது. 2011இல் செர்மனியின் மன்ஹைம் நகரிலுள்ள ஆய்வாளர்கள், ஆந்திரியாஸ் மேயர்-லிண்டன்பெர்க் தலைமையில், நலமுள்ளோரையே ஆராய்ந்தனர். காந்த அதிர்வுப் படக்கருவிக்குள் கிடத்தி, நேரம் குறித்துக் கணக்குப் போடச் செய்து, குறை கூறிக்கொண்டே இருந்தனர். அப்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதி சிற்றூராரினும் நகரத்தாரிடம் மிகுதியாகக் கிளர்ந்தது. இளமையில் நகரத்தில் வளர்ந்தோரிடம் அவ்வமிக்டலாவை அடக்கியாளத் துணைபுரியும் மற்றொரு பகுதி வேறுவிதமாக இயங்கியது.

2022இல் வரலாறு பெர்லினுக்கே திரும்பியது. அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார் 63 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் குரூனவால்ட் என்னும் காட்டில் ஒரு மணிநேரம் நடந்தனர். மற்றவர் கடைத்தெருவொன்றில் அதே நேரம் நடந்தனர். காட்டில் நடந்தோரின் அமிக்டலா தணிந்திருந்தது; கடைத்தெருவில் நடந்தோரிடம் அது கூடவுமில்லை, குறையவுமில்லை. வெஸ்ட்ஃபால் மூன்று மனிதரைத் தம் அறையில் அமர்த்தி வினவிய அதே நகரத்தில், 151 ஆண்டு கழித்து, மருத்துவம் நோயாளியை விடுத்து இடத்தை வினவத் தொடங்கியது. இவ்வரலாற்றின் மெய்யான திருப்பம் இதுவே என்பது என் துணிபு.

அளவீட்டின் எல்லை

ஆயினும் அளவீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் கூடாது. அமிக்டலா அச்சத்துக்கு மட்டும் உரியதன்று. புதுமையிலும் வேட்கையிலும்கூட அது கிளரும். அறுபத்துமூவரின் ஒரு மணிநேர நடையைக் கொண்டு உலகத்து நகரங்களுக்கெல்லாம் விதி வகுத்தல் இயலாது.

இதனினும் பெரிய இடர் வேறொன்று. எவ்விடத்தில் மனம் தணியும் என அறிந்தவர், எவ்விடத்தில் கை பணப்பையை நாடும் எனவும் அறியலாம். மூளையியல் மன்றத்துக்கு உதவுவதுபோல் அங்காடிக்கும் உதவும். பல நகரங்களில் பூங்கா இருக்கைகளின் நடுவே இரும்புக் கைப்பிடிகள் பதிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். வீடற்றோர் படுக்கக் கூடாது என்பதே பல இடங்களில் அவற்றின் நோக்கம். உடலை நன்கு அறிந்து செய்யப்பட்ட அமைப்பே அதுவும். ஆதலின் யாருடைய மூளை அளக்கப்பட்டது, யாருடைய அமைதிக்காக அத்திடல் அமைந்தது என்னும் வினாக்களைப் படக்கருவி தானே கேட்பதில்லை.

வெஸ்ட்ஃபாலின் நோயாளிகள் மூவரும் ஆடவர். பிற்காலத்திலோ திடலச்சம் ஆடவரினும் பெண்களிடமே மிகுதியாகக் கண்டறியப்பட்டது. இருள் சூழ்ந்த தெருவில் விரைந்து நடக்கும் பெண்ணின் நெஞ்சு படபடப்பதற்கு அவள் நரம்பு மட்டுமே காரணம் எனக் கூறின், குறையை மீண்டும் அவள் தலையிலேயே சுமத்தியவராவோம். விளக்கு இல்லாமையும், கண்காணும் வீட்டுச் சாளரங்கள் இல்லாமையும், அத்தெருவில் நிகழ்ந்தவை பற்றிய அவளது அறிவும் அப்படபடப்பில் கலந்துள்ளன. கருவி படபடப்பை அளக்கும். காரணத்தை அவளிடந்தான் கேட்டறிய வேண்டும்.

நிறைவுரை

நிலமும் பொழுதும் உரிப்பொருளோடு இயைந்தன என்னும் நம் மரபைச் சுட்டி, மூளையியலை நம் முன்னோர் அன்றே கண்டனர் எனப் பெருமை பேசுவோர் உளர். அது வரலாறு ஆகாது. நம் புலவர் அளக்கவில்லை. சிட்டேயைப் போலக் கண்டு கூறினர். அவ்வாறு கண்டு கூறுவோரின் சொல்லை அறிவியல் பின்னொரு காலத்தில் சோதிக்க முன்வரும். சிலவற்றை ஏற்கும், சிலவற்றை மறுக்கும். முதலில் கூறுவதற்கு ஒருவர் வேண்டும். பனிமனிதன் செய்த சிறுவரைச் சிட்டேயும், தெருவோரத்தாரை ஜேக்கப்ஸும் கண்டு எழுதியிராவிடில் கருவிகள் எதைச் சோதிப்பது என அறிந்திரா. நம் மன்றத்துக் கவிஞர்களின் முன் நான் பணிவுடன் வைக்கும் வேண்டுகோள் இதுவே. உங்கள் ஊரின் திடலும் தெருவும் உங்களை என்ன செய்கின்றன என்பதைக் கூசாது எழுதுங்கள். அது தனிமனித உணர்ச்சி என்று எவரேனும் தள்ளினால் கவலற்க.

என் அன்னையார் இன்று இல்லை. அண்மையில் அந்தப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தபோது நடுவெளியில் நின்று நாற்புறமும் பார்த்தேன். நிழல் தரும் மரமொன்றும் இல்லை. அமர ஓர் இருக்கையும் இல்லை. எத்திசையிலிருந்து எந்த வண்டி திரும்பும் என்று அறியக் கோடொன்றும் இல்லை. கடைகளின் ஓரத்திலோ நிழலும் சுவரும் நாலு மனிதர் முகமும் இருந்தன. அவர் அஞ்சி ஒதுங்கவில்லை, அறிந்தே அவ்வழியைத் தேர்ந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. நானும் சுவரோரமாகவே சுற்றி வந்து பேருந்து ஏறினேன்.